பாயின் முன் விளிம்பில் எண்ணெய்க் கறை

1967-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். அந்த அளவுத்தாளின் தலைப்பில் என் கையெழுத்தில் இப்படித்தான் இருக்கிறது. தேதியோடு மணியையும் நிமிடத்தையும் எழுதுவது எங்கள் மரப்பட்டறையின் விதி. நாங்கள் பயன்படுத்தியது துணி நாடா. தூத்துக்குடிக் கடற்காற்றில் அது காலையில் ஓர் அளவும் உச்சி வெயிலில் வேறோர் அளவும் காட்டும். எந்த நேரத்தில் அளந்தோம் என்பது தெரிந்தால்தான் அரை அங்குலப் பிழையைப் பிற்பாடு திருத்த முடியும்.

அந்தத் தாளை வைத்து நான் செய்த பிழை அரை அங்குலம் அன்று. நேரத்தைக் கொண்டு அதைத் திருத்தவும் முடியாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பட்டறையில் என் இடத்தில் இப்போது பணி செய்யும் பெண் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு கிறிஸ்தவ சபையில் பெஞ்சுகளை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்கிறார்களாம். அடுத்த ஊர்ச் சபையில் பெஞ்சை எடுத்தால் ஆராதனைக்கே வரமாட்டோம் என்கிறார்களாம். "ரெண்டு பேருமே கட்டுப்பாடான சபை மேடம். ரெண்டு பேருமே 'சாமான் ஒரு பொருட்டில்ல, உள்ளம்தான் முக்கியம்'னு சொல்லுதாங்க. பொருட்டில்லாத சாமானுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை?" என்று கேட்டார். வாயால் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோயில் ஊரில் பிறந்தவள். அப்பா பள்ளி ஆசிரியர். தமிழ் இலக்கியத்தில் இளங்கலை முடித்து, முதுகலையைத் தனித்தேர்வராக எழுதிக்கொண்டிருந்த ஆண்டில், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் தூத்துக்குடியில் ஒரு மரப்பட்டறைக்குக் கடிதம் எழுதும் பணியில் சேர்ந்தேன். துறைமுகத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்த அந்தப் பட்டறையில் கிறிஸ்தவக் கோயில்களுக்கான மரச்சாமான்கள் மட்டுமே செய்தார்கள். பெஞ்சுகள், பிரசங்க மேடைகள், முழந்தாட்பலகைகள், பாவசங்கீர்த்தனத் தொட்டிகள். கடற்கரையில் கத்தோலிக்கர், உள்ளே போகப் போக சீர்திருத்த சபையார். முதல் ஆறு மாதம் நான் கற்றதெல்லாம் பெயர்கள்தாம். ஒரே சாமான்தான், முன்னவருக்குப் பீடம், பின்னவருக்குத் திருவிருந்து மேசை. ஒரு சீர்திருத்த சபைக்கு எழுதிய கடிதத்தில் மறதியாகப் பீடம் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, வேறொரு வார்த்தையும் எழுதாமல், கடிதத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

பட்டறைக்கு உரிமையாளரும் தலைமைத் தச்சரும் கஸ்பார் அண்ணாச்சி. கடற்கரைக் கத்தோலிக்கர், அப்போது ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் காதிலிருந்து பென்சிலை எடுத்து உளியால் சீவத் தொடங்குவார். பென்சில் எவ்வளவு குட்டையாகிறதோ அவ்வளவு கோபம். என்னை டீச்சர் என்று அழைப்பார். நான் ஆசிரியை அல்லள் என்று ஒரு முறை சொன்னேன். "படிச்ச பிள்ளைய வேற எப்பிடிக் கூப்பிட?" என்றார்.

இரண்டாம் ஆண்டில் அளவெடுக்கவும் என்னை அனுப்பத் தொடங்கினார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க மரியான் என்ற தச்சர் உடன் வருவார். ஒவ்வோர் அளவும் இரண்டு முறை. முதலில் நான் பூஜ்யத்தைப் பிடிப்பேன், அடுத்து மரியான் பிடிப்பார். இரண்டும் ஒத்தால்தான் தாளில் ஏறும். பட்டறைக்குத் திரும்பியதும் நான் தாளை உரக்க வாசிக்க வேண்டும். அண்ணாச்சி அதைக் கேட்டுக் கேட்டு, சிமென்ட் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் முழு அளவில் வரைவார். சுவர், தூண், கதவு, சன்னல், எல்லாம் உண்மை அளவிலேயே தரையில் கிடக்கும். அவர் தாளைப் பார்க்க மாட்டார். "நீங்க சொல்லாதது எனக்கு இல்ல" என்பார். வரைந்த பின் அந்தக் கோட்டுக் கோயிலுக்குள் செருப்பில்லாமல் நடந்து பார்ப்பார்.

செய்து முடித்த சாமானைச் சோதிப்பதற்கும் அவரிடம் முறை உண்டு. ஆலந்தலைக் கடற்கரைக் கோயிலுக்கு ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டி அனுப்ப வேண்டியிருந்தது. நடுவில் பாதிரியார் அமரும் இடம்; பக்கவாட்டில் சல்லடைப் பலகை; அதற்கு வெளியே முழந்தாளிட்டுப் பாவத்தைச் சொல்ல வேண்டும். குரல் கேட்க வேண்டும், முகம் தெரியக்கூடாது. சல்லடைத் துளையின் அகலம் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். என்னை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு அண்ணாச்சி வெளியே முழந்தாளிட்டார்.  பிறகு மெல்லிய குரலில், "டீச்சர், நேத்து ஒங்க டப்பால இருந்த புளியோதரைல ரெண்டு வாய் தின்னது நாந்தான்" என்றார்.

'குரல் தெளிவு. முகம் தெரியவில்லை' என்று தாளில் எழுதினேன். மறுநாளிலிருந்து புளியோதரையைச் சற்றுக் கூடுதலாகக் கொண்டுபோனேன்.

இனி அந்தப் பிப்ரவரி.

தருவைகுளம் போகும் சாலையில், உப்பளங்களுக்கு நடுவே, ஒரு சிறு சபை இருந்தது. அவர்கள் தங்கள் கோயிலை ஜெபவீடு என்பார்கள். சுவரில் சிலுவை கிடையாது. படம், திரை, மெழுகுவர்த்தி, பூ எதுவும் கிடையாது. வேதப்புத்தகம் வைக்க ஒரு மேசை. அதற்குப் பின்னால் ஒரு முக்காலி. சபையார் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகக் கோரைப்பாயில் அமர்வார்கள். சபைக்கு மூப்பர் ஆபிரகாம் என்பவர், உப்பளத்தில் கங்காணி. ஒரு நாள் பட்டறைக்கு வந்து பெஞ்சு வேண்டும் என்றார்.

அண்ணாச்சிக்கு ஆச்சரியம். "நீங்க தரையில உக்காருத ஆளுகள்லா? எதுக்குப் பெஞ்சு?"

"பாயி, பெஞ்சு, எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி. மரத்துக்கும் ஆராதனைக்கும் சம்பந்தம் கிடையாது. உக்காரதுக்கு ஒண்ணு. அம்புட்டுதான்" என்றார் மூப்பர். அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை. பேசும்போது என்னைப் பார்க்காமல் மர அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை நானும் மரியானும் போனோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆராதனையையும் பார்க்கலாம் என்று மூப்பர் சொல்லியிருந்தார். நான் வேண்டாம் என்றேன். என் ஊரில் பூசை நடக்கும்போது சன்னிதியில் நின்று யாராவது தூணை அளந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். போகாமலிருப்பதே மரியாதை என்று கருதினேன். ஆளில்லாத கோயிலையே அளப்பது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி.

நீளம் நாற்பத்திரண்டு அடி, அகலம் இருபத்திரண்டு. பெண்கள் வாசல் கிழக்கே, மூன்றடி. தரையில் விரித்திருந்த பாய்களைச் சுருட்டாமலே அளந்தேன். பாயின் அகலம் மூன்றடி மூன்று அங்குலம். தாளின் கடைசி வரியாக இதையும் எழுதினேன்: 'ஒவ்வொரு பாயின் முன் விளிம்பிலும் ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாக, உள்ளங்கை அகலத்தில், எண்ணெய்க் கறை. பெண்கள் பக்கம் கறை கூடுதல்.'

கண்ணில் பட்டதை எழுதுவது என் வழக்கம். ஆனால் அன்று மாலை அண்ணாச்சிக்கு வாசித்தபோது கடைசி வரியை நான் வாசிக்கவில்லை. கறைக்கும் மரவேலைக்கும் தொடர்பில்லை என்று விட்டுவிட்டேன். சுண்ணாம்புக் கோயிலில் கறை இல்லை.

வழக்கமான இடைவெளியில், வரிசைக்கு இரண்டடி பத்து அங்குலம் விட்டு, பக்கத்துக்குப் பன்னிரண்டாக இருபத்துநான்கு பெஞ்சுகள். ஒன்றரை மாதத்தில் செய்து, ஒரு சனிக்கிழமை தச்சர்கள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை மூப்பர் வந்தார். நெற்றியில் நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம்.

"என்ன மூப்பரே, யாரும் அடிச்சிட்டாவளா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஒங்க பெஞ்சுதான் அடிச்சுது."

நடந்ததை அவர் விவரித்தார். பாட்டு, வேதவாசிப்பு எல்லாம் நன்றாகவே நடந்தன. பாவ அறிக்கை ஜெபம் வந்தது. அந்த ஜெபத்தில் சபையார் முழந்தாளிட்டு நெற்றியைத் தரையில் வைப்பது வழக்கம். ஜெபவீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். யாரும் யோசிக்கவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கி, முழந்தாளிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பழகிய வேகத்தில் எல்லாரும் ஒன்றாகக் குனிந்தார்கள். குனிந்தவர்கள் அத்தனை பேரும் முன்பெஞ்சின் முதுகில் முட்டினார்கள்.

"மேக்கூரைல இருந்த குருவியெல்லாம் பறந்துட்டு. நான் நேத்து மூணாவது வரிசைல இருந்தேன். முன்வரிசைக்காரங்க மட்டும் நல்லாக் குனிஞ்சாங்க. அவங்களுக்கு முன்னால பெஞ்சு இல்லல்லா. இனிமே முன்வரிசைக்கு அடிபிடிதான் வரும். எங்க சபையில இதுக்கு முன்ன முன்வரிசைக்கு வரச்சொன்னா ஒருத்தரும் வரமாட்டாவ, பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். மூப்பர் சிரிக்கவில்லை. அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தி என்னிடம், "டீச்சர், அந்தத் தாள எடுங்க" என்றார்.

எடுத்து, முதலிலிருந்து வாசித்தேன். அவர் வரைந்தார். நீளம், அகலம், வாசல், பாய். கடைசி வரிக்கு வந்தேன். இம்முறை அதையும் வாசித்தேன்.

அவர் கை நின்றது. "இது அன்னைக்கு இருந்துச்சா?"

"இருந்தது. நான் வாசிக்கவில்லை."

தரையில் வரைந்திருந்த பாயின் அருகே போனார். முன் விளிம்பில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக உள்ளங்கை அகல வட்டங்கள் போட்டார். பிறகு பின் விளிம்பில் கால்விரல்களை ஊன்றி முழந்தாளிட்டு, கைகளை முன்னால் வைத்துக் குனிந்தார். எழுந்தபோது அவர் நெற்றியின் நடுவில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

நான் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அம்மா தினமும் காலையில் பெருமாள் படத்தின் முன் செய்யும் நமஸ்காரம் அதுவே. எங்களில் பெண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுவதில்லை. முழந்தாளிட்டு நெற்றியைத் தரையில் வைப்போம். அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது எனக்கு ஏழு வயதிலிருந்தே தெரியும். கிறிஸ்தவர்களுக்கு அந்த இடம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாயைப் பார்த்த பிறகும் அவர்கள் உட்கார்ந்தபடியே ஜெபிக்கிறவர்கள் என்று எங்கோ படித்ததை வைத்து முடிவு செய்திருந்தேன்.

அண்ணாச்சி காதிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். அது கட்டைவிரல் நீளத்துக்கு வரும்வரை சீவினார்.

"பெஞ்சையெல்லாம் தூக்கிருதோம் மூப்பரே. தப்பு எங்களது" என்றார்.

மூப்பர் மர அடுக்கைப் பார்த்தார். "தூக்குனா எஸ்தர் வரமாட்டா" என்றார்.

அப்போதுதான் காரணம் வெளிவந்தது. எஸ்தர் அவருடைய தங்கை. நாலு வருடத்துக்கு முன் உப்பளப் பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. பாயில் உட்கார்ந்தால் அந்தக் காலை நீட்டித்தான் வைக்க வேண்டும். நீட்டினால் பாதம் வேதப்புத்தகம் இருக்கும் மேசைக்கு நேராக இருக்கும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு ஞாயிறு அந்தக் காலின் மேல் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. பிறகு வரவேயில்லை. தங்கைக்காகத்தான் பெஞ்சு என்று சபையில் சொன்னால் சபையே மறுத்திருக்காது. ஆனால் மூப்பர் சொல்லவில்லை. மரத்துக்கும் ஆராதனைக்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் மூன்று கூட்டத்தில் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"நேத்து வந்தா. கடைசிப் பெஞ்சுல இருந்தா. நாலு வருசம் கழிச்சு. அன்னைக்குப் பாத்து எல்லாரும் முட்டிக்கிட்டோம்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "வர்ற ஞாயித்துக்கெழம நீங்க போறிய. கட்டடத்த அளக்க வேண்டாம்."

போனேன். தச்சர் இல்லாமல், நாடாவும் சுண்ணாம்புக்கட்டியும் பையில் வைத்துக்கொண்டு. இளைஞர்கள் பெஞ்சுகளை இரு சுவரோரமும் தள்ளி அடுக்கிவிட்டு மறுபடி பாய் விரித்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தின் கடைசியில் ஒரே ஒரு பெஞ்சு மட்டும் நின்றது. அதில் எஸ்தர் தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை; தலையில் முக்காடு. வலது கால் பெஞ்சிலிருந்து சாய்வாகக் கீழே இறங்கியிருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் பாயில் அமர்ந்தேன்.

பாவ அறிக்கை வந்தது. கடற்கரையில் அலை பின்வாங்கும்போது ஈரமணல் ஒரே சமயத்தில் தெரியுமே, அதுபோல எல்லா முதுகுகளும் ஒன்றாகத் தாழ்ந்தன. நானும் குனிந்தேன். அளப்பதற்காகக் குனிகிறேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். எழுவதற்கு முன் கால்விரல் ஊன்றிய இடத்திலும் நெற்றி பட்ட இடத்திலும் சுண்ணாம்பால் குறித்தேன். பிறகு அளந்தால் மூன்றடி ஓர் அங்குலம் வந்தது.

நிமிரும்போது எஸ்தரைப் பார்த்தேன். அத்தனை முதுகுகளுக்கும் மேலே அவர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் இரு பக்கத்தையும் பிடித்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் தன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டே பேசினார். "பட்டறைலேருந்து வந்த பிள்ளை நீதானா? ஏளா, ஒன் பெஞ்சு நல்லாத்தான் இருக்கு. கால் கொஞ்சங்கூட வலிக்கல. ஆனா பாரு, ஊரே நெத்தியத் தரையில வச்சிருக்கு. நான் மட்டும் மகாராணி மாதிரி ஒசரத்துல. யாருக்குமுன்ன நான் நிமிந்து உக்காந்திருக்கேன், சொல்லு பாப்போம்?"

"பின்வரிசையில்தானே இருக்கிறீர்கள், யாரும் பார்ப்பதில்லை" என்றேன். சொன்னவுடன் அது தவறான பதில் என்று தெரிந்தது.

"பாக்குதவங்களப் பத்தியா சொல்லுதேன்?" என்று சிரித்தார். "அடுத்த வாரம் வரல. வீட்டுலயே இருந்து ஜெபிச்சுக்கிடுதேன். எங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா அவன் அழுவான்."

நான் அண்ணனிடம் சொல்லவில்லை. எஸ்தரிடம், "உங்களை அளந்துகொள்ளலாமா?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் ஓர் ஆளை அளக்க நான் கேட்டது அதுவே முதல் முறை.

"பிரேதப் பெட்டிக்கா?" என்றார். பிறகு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

சுவரில் முதுகைச் சாய்த்து, பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தால் கால் எவ்வளவு சாய்கிறது, அந்த நிலையில் இடுப்பிலிருந்து எவ்வளவு முன்னால் குனிய முடிகிறது, குனிந்தால் நெற்றி எங்கே வருகிறது, மூன்றையும் இரண்டிரண்டு முறை எடுத்தேன். மறுமுனையை எஸ்தரே பிடித்தார். குனியச் சொன்னபோது வெட்கப்பட்டார். கோயிலில் வேறு யாரும் இல்லை என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குனிந்தார். நெற்றி தரையிலிருந்து இரண்டடி ஏழு அங்குலத்தில் நின்றது.

பட்டறையில் வாசித்தேன், எதையும் விடாமல். அண்ணாச்சி இம்முறை தரையில் வரையாமல் சுவரில் வரைந்தார். பிறகு அந்தப் பெஞ்சுகளில் ஒன்றை எடுத்து, தம் கையாலேயே அறுத்தார். முதுகு சாய ஒரு பலகை. இரண்டடி நான்கு அங்குல உயரத்தில் குறுகலான இருக்கை, பாதி உட்காரும் அளவுக்கு மட்டும். முன்னால் இரண்டு கால்களின் மேல் சரிவாக ஒரு பலகை. அதில் நெற்றியை வைக்கலாம். பெண்கள் வாசலை ஒட்டிக் கடைசிப் பாய்க்குப் பின்னால் அது நிற்கும். எல்லாரும் தாழும்போது எஸ்தரும் தாழலாம்.

மூப்பர் அதைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"இது ரோமைச் சபைக்காரங்க முழந்தாட்பலகை மாதிரில்லா இருக்கு."

"மரத்துக்கு ஞானஸ்நானம் ஒண்ணும் குடுக்கலயே மூப்பரே, எந்தச் சபைன்னு கேக்கதுக்கு? சாமான் ஒரு பொருட்டில்லன்னு நீங்கதான சொன்னிய?"

மூப்பர் சரிவுப் பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கைபட்டால் உறுத்தாமலிருக்க அண்ணாச்சி அங்கே உருட்டாக ஒரு வேலைப்பாடு செய்திருந்தார். கத்தோலிக்கச் சாமான்களுக்கு எப்போதும் செய்வது, கை தானாகப் போய்விட்டது.

"இந்த உருட்ட மட்டும் எடுத்துருங்க" என்றார் மூப்பர். "அழகா இருக்கு."

அண்ணாச்சி இழைப்புளியை எடுத்து உருட்டைச் சீவித் தள்ளினார். அவர் பென்சிலைத் தொடவில்லை.

என்னிடம் கேள்வி கேட்ட பெண்ணுக்கு நான் சொல்ல முயன்றது இந்த இடத்தைத்தான். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு விளிம்பை எடுக்கச் சொன்ன மனிதர் சாமானைப் பொருட்படுத்தாதவர் அல்லர். எங்களிடம் வந்தவர்களில் அவரளவுக்கு ஒரு மரத்துண்டை உற்றுப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. பீடம் என்ற சொல்லை வட்டமிட்டவர்களும் அப்படித்தான். ஆராதனையில் உடம்பு எங்கே போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்; அந்த வழியில் எது நின்றாலும் தெரிந்துவிடும். எல்லாக் கோயிலிலும் அது ஒரே வழி என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஊரில் பெஞ்சில் முழந்தாளிட்டே மூன்று தலைமுறை ஜெபித்திருப்பார்கள். அவர்களிடமிருந்து பெஞ்சை எடுத்தால் அவர்களும் முட்டிக்கொள்வார்கள். போய்ப் பார்க்காமல் தெரியாது.

மற்றப் பெஞ்சுகள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயின.

சனிக்கிழமை மரியான் அந்த இருக்கையைக் கொண்டுபோய் வைத்தார். பட்டறை வழக்கப்படி கடைசி மெருகு பூசவில்லை. ஒரு ஞாயிறு பயன்படுத்திய பிறகு, ஆட்டம் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து அழுக்கெடுத்து, அதன் பிறகே மெருகு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நான் போகவில்லை. எஸ்தர் வந்தாரா என்று கேட்கவும் ஆள் இல்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தில் மெருகுப் புட்டியும் பஞ்சும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு போனேன். மூப்பர் உப்பளத்துக்குப் போய்விட்டிருந்தார். அவர் மனைவி சாவியைத் தந்தார். ஜெபவீட்டில் பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் வாசல் வழியாக வந்த வெயில் சரிவுப் பலகையின் மேல் விழுந்திருந்தது. இருக்கையை அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை.

மெருகில்லாத தேக்கில், பலகையின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை இருந்தது.

உப்புத்தாளைப் பையிலிருந்து எடுத்திருந்தேன். அதை மறுபடி உள்ளே வைத்துவிட்டு நாடாவை எடுத்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாததால் அதைத் தரையோடு காலால் மிதித்துக்கொண்டு கறையின் நடுவரை அளந்தேன். இடம் மாற்றி இரண்டாம் முறையும் அளந்தேன். இரண்டடி ஐந்து அங்குலம். நான் அளந்தபோது குனிந்ததைவிட அவர் இரண்டு அங்குலம் கூடுதலாகக் குனிந்திருந்தார்.

தாளை எடுத்து, தேதியும் மணியும் எழுதி, அந்த அளவைக் குறித்தேன். அதன் கீழே 'பலகைக்கு மெருகு வேண்டாம்' என்று எழுதினேன். கதவைப் பூட்டிச் சாவியை மூப்பர் வீட்டில் கொடுத்துவிட்டு, ஏழே முக்கால் பேருந்தைப் பிடித்தேன்.